யாருக்கு வந்த தீர்ப்பு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. அந்த நீர் வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. இப்படியொரு வெள்ளம் வந்துவிட்டால் போதும், 'கடவுளின் கோபம், கடைசிக் காலம்' என்று பைபிளைப் புரட்டுபவர்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் காட்டும் வசனங்களே அவர்களுக்குச் சாட்சி சொல்வதில்லை.

ஏசாயா 13-ஆம் அதிகாரம் சூரியன் இருளும், நிலா ஒளி தராது, வானம் அதிரும் என்கிறது. அது பாபிலோனைப் பற்றியது. கி.மு. 539-இல் பாரசீக மன்னன் கோரேசின் படை அந்த நகரத்தைப் பிடித்தது. சூரியன் மறுநாளும் உதித்தது. ஒரு பேரரசு சாய்வதைச் சொல்லத் தீர்க்கதரிசிகளுக்கு வாய்த்த பேச்சு அது. சாவு வீட்டில் 'தலையில இடி விழுந்துடுச்சே' என்று அழுதால் யாரும் கூரையில் ஓட்டை தேடுவதில்லையே! பேதுருவும், நிலா இரத்தமாகும் என்ற யோவேலின் வாக்கு இதோ நிறைவேறுகிறது என்று எருசலேமில் அறிவித்தது காலை ஒன்பது மணிக்குத்தான்.

எல்லாமே உருவகம் என்றால் தீர்ப்பே கிடையாதா என்று கேட்கலாம். உண்டு, பாபிலோன் விழத்தான் விழுந்தது. ஆனால் குற்றப்பத்திரிகை யார் பேரில் என்று பாருங்கள். கள்ளத்தராசு பிடிப்பவனை ஆமோஸ் சாடுகிறார். வயலோடு வயலை வளைத்துப் போடுபவனை ஏசாயா சபிக்கிறார். புதுவையின் நெற்களஞ்சியமான பாகூர்ப் பக்கம் மனைக்கல் நட்ட வயலைப் பார்த்தவருக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். நோவாவின் வெள்ளம் தண்டனைதானே என்பது அடுத்த கேள்வி. அந்தக் கதை முடிவதே, இனி வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்ற வாக்குறுதியில்தான்.

வலுவான மறுப்பு லூக்கா 13-இல் இருக்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைச் சொல்லி, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்கிறார் இயேசு. எச்சரிக்கைதான். ஆனால் செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று அதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்; விரல் திரும்புவது கேட்டுக்கொண்டு நின்றவர்கள் பக்கம். தண்ணீர் புகுந்த வீட்டு வாசலில் நின்று வசனம் சொல்ல நினைப்பவர்கள் முதலில் அந்த அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களைப் படிக்கட்டும்.