ஆறு நிமிட நடையில் ரோஷம் வேண்டாம்



"மூச்சு வாங்குதா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லே தம்பி" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடப்பவர்கள் நம் பெரியவர்கள். அந்த ரோஷத்தோடுதான் விடியற்காலையில் பெரட்டுக்குப் போனார்கள், பால்மரம் வெட்டினார்கள், பிள்ளைகளை ஆளாக்கினார்கள். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி நடைகூடத்தில் அதே ரோஷம் அவர்களுக்கே வினையாகிவிடுகிறது.

நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று வைக்கிறார்கள். சமதளமான இடத்தில் 30 மீட்டர் அளந்து, இரு முனையிலும் அடையாளம் வைத்திருப்பார்கள். வரிசையாக நாலு செம்பனை மரம் நிற்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடத்தில் நோயாளி போய்த் திரும்பிப் போய்த் திரும்பி எவ்வளவு தூரம் நடந்தார் என்பதே கணக்கு. விரலில் ஒரு கவ்வியை மாட்டி, இரத்தத்தில் பிராணவாயு குறைகிறதா என்றும் பார்ப்பார்கள். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருப்பவருக்கு நடக்கும்போது அது இறங்கிவிடுவது உண்டு. நாற்காலியில் வைத்துச் சோதித்தால் அது தெரியாது.

1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், திடமான வீரர்களை 12 நிமிடம் ஓடவிட்டு அளந்தார். 1976-இல் பிரிட்டன் மருத்துவர்கள் அதை மார்புச்சளி நோயாளிகளுக்கான 12 நிமிட நடையாக மாற்றினார்கள். பாவம், நோயாளிக்கு அது நீளம். ஆறு நிமிடமே போதும் என்று 1982-இல் கண்டார்கள். இதை எப்படி நடத்த வேண்டும் என்று 2002-இல் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் விதி வகுத்தது. 2014-இல் ஐரோப்பியச் சங்கத்தோடு சேர்ந்து அது திருத்தி எழுதப்பட்டது.

விதி இருந்து என்ன? ஓர் ஆஸ்பத்திரியில் நாம் கண்டதைச் சொல்கிறோம். முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், வயது எழுபதுக்கு மேல். காலில் சிலிப்பர். மகன் பக்கத்திலேயே நடந்துகொண்டு, "வேகமாப் போங்கப்பா, மானத்தை வாங்காதீங்க!" என்று விரட்டுகிறார். பெரியவர் முதல் இரண்டு நிமிடம் பறந்தார். நாலாவது நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "தோத்துட்டேன்யா" என்று போய் உட்கார்ந்துவிட்டார். நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நடக்கலாம் என்று அவருக்கு விளங்கும்படி யாருமே சொல்லவில்லை. மலாயில் ஏதோ வேகமாகச் சொன்னார்கள். கடையில் சாமான் வாங்கும் மலாய் அவருக்குத் தெரியும். அந்த மலாய் இதற்குப் போதாது. குறைந்த தூரமே தாளில் ஏறியது.

இது சின்ன விஷயம் அல்ல. அடுத்த முறை நடக்கும்போது 30 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். நோய் முற்றுகிறதா, மருந்து கேட்கிறதா என்று அதை வைத்து முடிவு செய்கிறார்கள். முதல் கணக்கே தப்பானால்? அதனால்தான் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகூட வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒருவரைக் கத்தி விரட்டுவதும், இன்னொருவரைப் பேசாமல் விடுவதும் கூடாது. முதல் தடவை பழக்கமில்லாமல் நடப்பார்கள் என்பதால், இரண்டு முறை நடக்கவைத்து அதிக தூரத்தை எடுக்கச் சொல்கிறது 2014 விதி. கூட்டம் அதிகம், ஆள் பற்றாது என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் சொல்ல வேண்டிய நாலைந்து வாக்கியத்தைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதிவைக்க எத்தனை ஆள் வேண்டும்? இதை நாம் கேட்டே ஆக வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. வழக்கமான மருந்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டு போங்கள். நடக்கத் தோதான சப்பாத்து போடுங்கள். கைத்தடி பிடிப்பவர் தடியோடே நடக்கலாம், அதில் வெட்கமில்லை. முடியாவிட்டால் நில்லுங்கள், சுவரில் சாயுங்கள், பிறகு நடங்கள். கடிகாரம் மட்டும் நிற்காது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்லுங்கள். மூச்சுத் திணறலுக்கு 0 முதல் 10 வரை எண் கேட்பார்கள். 7 என்றால் 7 என்றே சொல்லுங்கள் ஐயா. மருமகள் பக்கத்தில் நிற்கிறாளே என்று 2 என்று சொல்லாதீர்கள்.

அந்தப் பெரியவருக்கு மறுபடி அழைப்பு வந்திருக்கிறது. புதுச் சப்பாத்து வாங்கியாயிற்று. நாம் பேசிய பிறகு, இந்தத் தடவை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க மகன் சம்மதித்திருக்கிறார்.