வெடி சத்தம் எந்தப் பக்கம்?

ஒரு சின்ன டெஸ்ட். நீங்க மலைக்கோட்டை உச்சியில. உங்க ஃப்ரெண்ட் ஸ்ரீரங்கம் ராஜகோபுர வாசல்ல. தூரத்துல எங்கேயோ ஒரு அதிர்வேட்டு. ரெண்டு பேரும் கேட்ட நேரத்தைக் குறிச்சுக்கங்க. நடுவுல சுமார் 3 கிலோமீட்டர். சத்தத்துக்கு 9 செகண்ட் பயணம். உங்களுக்கு 9 செகண்ட் முன்னாடியே கேட்டுதா? வெடி தெற்கே. ரெண்டு பேருக்கும் ஒரே நேரமா? கிழக்கோ, மேற்கோ. சந்தேகம் தீர திருவானைக்காவல்ல மூணாவதா ஒரு ஆள் வேணும்.

இதே கணக்குதான் வானத்துலயும். திருட்டுத்தனமா யாராவது அணுகுண்டு வெடிக்கிறாங்களான்னு வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய 'வேலா' செயற்கைக்கோள்கள், 1967 ஜூலை 2 அன்று ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தன. பிறகு இன்னும் பல. கோள்களுக்கிடையே இருந்த நேர வித்தியாசத்தைக் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா... பூமியும் இல்லை, சூரியனும் இல்லை! 1973-ல்தான் உலகத்துக்கே சொன்னாங்க.

சிக்கல் என்னன்னா, பல வெடிப்புகள் சில செகண்ட்ல அவுட். அதனாலதான் 2004-ல் ஏவிய 'ஸ்விஃப்ட்', வெடிப்பு தெரிஞ்சதும் தானே அந்தப் பக்கம் திரும்புற மாதிரி செய்யப்பட்டது. நம்ம 'அஸ்ட்ரோசாட்' 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதன் சி.இசட்.டி. கருவி அக்டோபர் 6-ல் வேலையைத் தொடங்கிய முதல் நாளே ஒரு வெடிப்பைப் பிடிச்சுது. 2022-க்குள் 500!

அந்த டேட்டாவை இஸ்ரோ இலவசமாவே தருது. இறக்கிப் பாருங்க பாஸ். அரியர் எத்தனைன்னு யாரும் கேட்க மாட்டாங்க!