பெற்றவர் உரிமையும் அரசின் பொறுப்பும்



2011-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் இந்தியத் தம்பதியர் ஒருவரின் இரு குழந்தைகளை அந்நாட்டுக் குழந்தை நலத்துறையினர் எடுத்துச் சென்றது நினைவிருக்கலாம். கையால் சோறூட்டியதும் உடன் படுக்கவைத்ததும் குற்றமாயின என்று பெற்றோர் கூறினர். அத்துறையினர் அதனை மறுத்தனர். 2012-இல் பாட்டனாரும் பாட்டியாரும் நம் தில்லியிலுள்ள நார்வே தூதரகத்தின்முன் அமர்ந்து முறையிட்டனர். அவ்வாண்டே குழந்தைகள் சிற்றப்பனாருடன் தாயகம் திரும்பினர். 2013-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவர்களைத் தாயிடம் ஒப்படைத்தது.

அன்று நாமெல்லாம் கொதித்தோம். ஆயின் நம் நாட்டிலும் அரசுக்கு அவ்வதிகாரம் உண்டு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவின்றிக் காணப்படும் குழந்தையையும் வீட்டில் வதையுறும் குழந்தையையும் 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின்முன் நிறுத்துதல் வேண்டும்.

சென்ற கோடையில் ரயில் நிலையத்தில் தனித்து நின்ற தமிழ்ச் சிறுவன் ஒருவனுக்காக மொழிபெயர்க்க அடியேனை அழைத்தனர். “என் பிள்ளையைத் தர மறுக்க இவர்கள் யார்?” என்று தந்தையார் சினந்தார். முதலில் யானும் அவர் பக்கமே நின்றேன். சிறுவனோ என் கையை விடவில்லை. அவன் முதுகில் பெல்ட்டின் தழும்பு இருந்தது. அதன்பின் என்னால் அவருக்காகப் பரிந்து பேச இயலவில்லை.

பெற்றவர் உரிமை, காக்கும் கடமையினின்று பிறப்பதன்றோ? எனினும் பெற்றோர் சொல்லை அவர்தம் மொழியிற் கேளாது பிள்ளையைப் பிரிப்பதும் நீதியாகாது. குழுவின் ஆணையால் குறையுற்றோர் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.