சுவரில் இல்லாத படம்

சென்னையில் நான் முதன்முதலில் ஜியு ஜிட்சு கற்கப் போன இடம், ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஆறு படங்கள். முதலில் மித்சுயோ மயேதா. அடுத்து கார்லோஸ் கிரேசி, அவர் தம்பி எலியோ கிரேசி. பிறகு அப்போது எனக்குப் பெயர் தெரியாத இரண்டு பிரேசில்காரர்கள். கடைசியில் கைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் கோச். மாலையும் ஊதுபத்தியும்தான் பாக்கி.

கோச் என்னை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திவைத்துச் சொன்னார்: “பாருங்க ப்ரோ, எனக்கும் மயேதாவுக்கும் நடுவுல நாலே பேருதான்.”

எனக்குப் புல்லரித்தது. ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன்.

இரண்டாவது மாதம், போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பர்ப்பிள் பெல்ட்டோடு என்னைக் கோத்துவிட்டார். அவன் என் குதிகாலை முழங்கை மடிப்பில் வைத்துத் திருப்பினான். எனக்கு வலிக்கவே இல்லை. வலிக்கட்டும், டேப் அடிக்கலாம் என்று காத்திருந்தேன். முழங்காலுக்குள் ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நான்கு மாதம் படி ஏற முடியவில்லை. கோச் சொன்னது ஒரே வாக்கியம்: “சீக்கிரம் டேப் பண்ணியிருக்கணும் ப்ரோ.”

அந்தப் பிடிக்குப் பெயர் ஹீல் ஹூக். அதில் வலி முன்னால் வராது, முழங்கால் தசைநார்தான் முதலில் போகும். அதனால்தான் இந்தக் கலையின் பெரிய போட்டி அமைப்பான ஐபிஜேஜேஎஃப் கி அணிந்த போட்டிகளில் எந்த பெல்ட்டுக்கும் அதை அனுமதிப்பதில்லை. கி இல்லாத போட்டிகளில் 2021-இல்தான் அனுமதித்தார்கள், அதுவும் வயதுவந்த பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு மட்டும். இதையெல்லாம் நான் பிறகு படுக்கையில் கிடந்து தெரிந்துகொண்டேன். என் கோச்சுக்கு இது முதலிலிருந்தே தெரியும். நல்லாவே தெரியும். அவருக்குத் தெரிந்திருந்தது என் முழங்காலுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் இந்தக் கட்டுரை.

நான் சொல்ல வருவது எளிது. ஜியு ஜிட்சு உலகம் ஒரு ஆசிரியரைப் பற்றித் தவறான கேள்வியைக் கேட்டுப் பழகிவிட்டது. “யாரிடம் பெல்ட் வாங்கினார்? என்ன மெடல் வாங்கினார்?” எந்தப் பயிற்சிக்கூடத்தின் அறிமுகத்தை எடுத்தாலும் இந்த இரண்டுதான் இருக்கும். இவர் யாருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார், கற்றுக்கொடுக்க எங்கே கற்றார், இவரிடம் வந்த வெள்ளை பெல்ட்டுகள் என்ன ஆனார்கள்? ஒரு வரி இருக்காது. வாங்கியதன் பட்டியல் மட்டும் இருக்கும், கொடுத்ததன் பட்டியல் இருக்காது.

இதில் வேடிக்கை, இந்தக் கூடங்களில் பிளாக் பெல்ட்டை ‘ப்ரொஃபசர்’ என்று கூப்பிடுகிறார்கள். நம் ஆட்கள் ஏதோ டாக்டர் பட்டம் மாதிரி பயபக்தியோடு உச்சரிக்கிறார்கள். போர்த்துக்கீசிய மொழியில் அதற்குப் பொருள் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு எடுப்பவரும் அங்கே அதேதான். பட்டம் முழுக்கக் கற்பித்தல் வேலையின் பெயர். அந்த வேலையைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

பரம்பரைக்கு ஏன் இவ்வளவு மவுசு என்பதையும் நியாயமாகப் பார்த்துவிடுவோம். மயேதா ஜப்பானின் கோடோகனில் ஜூடோ கற்றவர். 1914-இல் பிரேசிலுக்கு வந்து, பிறகு வடக்கே பெலெம் நகரில் குடியேறினார். கார்லோஸ் கிரேசி அங்கேதான் அவரிடம் கற்றார். எத்தனை காலம், எவ்வளவு கற்றார் என்பதில் வரலாற்றாய்வாளர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் கலை பரவியது. 1993-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ் ஜெயித்தார். அதற்குப் பிறகு உலகம் முழுக்கத் தேவை எகிறியது. தேவை இருந்தால் போலியும் வரும். கடையில் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு வகுப்பு எடுப்பவர்கள் கிளம்பினார்கள். அரசுச் சான்றிதழோ பல்கலைக்கழகமோ இல்லாத ஒரு கலையில், “உன் பெல்ட்டை யார் கட்டினார்கள்?” என்பதுதான் கையிலிருந்த ஒரே சல்லடை. அதனால் அந்தக் கேள்வியை நான் கேலி செய்யவில்லை. அது போலியைப் பிடிக்கும். ஆனால் நிஜமான பிளாக் பெல்ட்டாக இருந்துகொண்டு மோசமான வாத்தியாராகவும் இருப்பவரை அது பிடிக்காது. என்னை முடக்கியவர் போலி இல்லை. அசல்.

அந்தச் சுவரில் இருப்பவர்களின் கதைகளையே கொஞ்சம் கவனமாகக் கேட்டால், அவை வேறு ஒன்றைச் சொல்கின்றன. எலியோ பற்றி கிரேசி குடும்பமே சொல்லிவரும் கதை இது. நோஞ்சானான தம்பி, அண்ணன் நடத்தும் வகுப்புகளை ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அண்ணன் வரத் தாமதம். காத்திருந்த மாணவருக்குத் தம்பியே பாடம் நடத்தினார். அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்டதும் அந்த மாணவர், இனி எனக்குத் தம்பியே சொல்லிக்கொடுக்கட்டும் என்றாராம். கதை எவ்வளவு நிஜமோ, விடுங்கள். ஒரு வம்சம் தன் மூலக்கதையாக எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது பாருங்கள். எலியோ யாரையும் அங்கே வீழ்த்தவில்லை, பெல்ட்டும் வாங்கவில்லை. ஒரு மாணவர் “இவர் சொன்னால் புரிகிறது” என்றார், அவ்வளவுதான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த உலகம்தான் இன்று அந்த மாணவரின் வாக்கை எங்கேயும் பதிவு செய்வதில்லை.

பெரும்பாலான சுவர்களில் இல்லாத ஒருவர் ஒஸ்வால்டோ ஃபடா. அவருடைய பரம்பரையும் மயேதாவிலிருந்துதான் வருகிறது, லூயிஸ் ஃபிரான்சா வழியாக. ரியோவின் பணக்காரப் பகுதிகளில் தனி வகுப்புகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், புறநகரில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தவர். 1950-களில் அவருடைய மாணவர்கள் கிரேசி கூடத்தின் மாணவர்களோடு மோதி ஜெயித்தார்கள். அதில் கால் பூட்டுகளுக்குப் பெரிய பங்கு. கால் பூட்டா, அது புறநகர்க்காரன் வித்தை என்று இளக்காரம் பேசியவர்கள் இருந்தார்கள். ஃபடாவை நினைவில் வைக்க வேண்டிய காரணம் அவருக்கு மேலே இருந்த பெயர்களில் இல்லை. கீழே இருந்த மாணவர்களில் இருக்கிறது.

இன்னும் மேலே போனால் ஜிகோரோ கானோ. 1882-இல் கோடோகனைத் தொடங்கியவர். நாம் உயிராக மதிக்கும் இந்தத் தரவரிசை அவர் கொண்டுவந்த முறையிலிருந்து கிளைத்ததுதான். அந்த மனிதரின் உத்தியோகம் என்ன? பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் கல்லூரிக்கு அவர் பல ஆண்டுகள் முதல்வர்! ஜூடோவில் இன்றும் முதல் பாடம் விழுவது. அடிபடாமல் விழத் தெரிந்தவனைத்தான் இன்னொருவன் தூக்கி வீசலாம். இந்த வரிசை ஒரு சண்டைக்காரனின் மூளையில் உதிப்பது கஷ்டம். ஒரு வாத்தியாரின் மூளையில்தான் உதிக்கும். இந்தக் கலையின் வேரில் ஆசிரியப் பயிற்சி இருக்கிறது. நாம் பெல்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டோம்.

இப்போதைய விதிகளைப் பாருங்கள். நீல பெல்ட்டில் குறைந்தது 2 ஆண்டு, பர்ப்பிளில் ஒன்றரை, பிரவுனில் 1 ஆண்டு என்று ஐபிஜேஜேஎஃப் காலத்தை எண்ணுகிறது. நடைமுறையில் பிளாக் பெல்ட் வாங்கப் பத்து வருடம் ஆகிறது. நிஜமான உழைப்பு, சந்தேகமே இல்லை. அந்தப் பத்து வருடமும் ஒருவர் கற்ற காலம். அதில் ஒரு மணி நேரமாவது, “பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் ஒரு புதியவருக்கு இதை எப்படிச் சொல்வது” என்று யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? பெல்ட் கட்டிய மறுநாள் காலை ஆறு மணி வகுப்பு அவர் தலையில் விழுகிறது. தன் வாத்தியார் செய்ததை அவரும் செய்கிறார். அந்த வாத்தியாரும் அப்படித்தான் தொடங்கியவர். பரம்பரையாக வருவது வித்தை மட்டும் இல்லை, சொல்லிக்கொடுக்கத் தெரியாமையும் சேர்ந்தேதான் வருகிறது.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலில் இலக்கணத்துக்குள் நுழையும் முன்பே ஆசிரியர் யார், யாரெல்லாம் ஆசிரியர் ஆக மாட்டார்கள் என்று பட்டியல் போட்டுவிடுகிறார். ஆகாதவர்களுக்கு நான்கு உவமைகள். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோனது. முழங்காலில் கட்டோடு படுத்திருந்தபோது திரும்ப எடுத்துப் படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

முதலாவது, கழற்சிக்காய் போட்ட குடம். போட்ட வரிசையில் காய் வெளியே வராது. திங்கட்கிழமை ஆர்ம்பார், செவ்வாய் நேற்று இரவு எங்கோ வீடியோவில் பார்த்த புது வித்தை, புதன் வேறொன்று. உட்காரவே தெரியாதவனுக்குத் தலைகீழாக உருளச் சொல்லிக்கொடுப்பவர்.

இரண்டாவது, மட்டையோடு நிற்கும் பனை. ஏறிப் பறிக்க விடாது, தானாக எப்போதாவது ஒரு பழத்தைப் போடும். “ஏன் கோச்?” என்று கேட்டால் “ரோல் பண்ணு, தானா வரும்” என்பவர்.

மூன்றாவது, பஞ்சு அடைத்த குடுக்கை. திணிப்பதும் பாடு, பிடுங்குவதும் பாடு. இவரை எனக்குப் பிடிக்கும், பாவம். கையில் அபாரமான வித்தை இருக்கும். வாயில் “இப்படி, இப்படி, இப்படிப் பண்ணணும்” என்பதற்கு மேல் வராது.

நான்காவது, முடத்தென்னை. ஒருவன் தண்ணீர் ஊற்றி வளர்ப்பான், அது வளைந்து பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காய் போடும். கட்டணம் கட்டி வாடகையைச் சுமப்பது நாற்பது வெள்ளை பெல்ட்டுகள். கோச்சின் கண்ணும் நேரமும் போட்டிக்குப் போகும் நான்கு பேர் மேல். நான் அந்த நால்வரில் ஒருவனுக்குப் பயிற்சிப் பொம்மையாக இருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

பல நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தப் பட்டியலில் நான்கு பேருமே படித்தவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். குடத்தில் காய் இருக்கிறது, தென்னையில் இளநீர் இருக்கிறது. சரக்கு இருப்பதும் அதைத் தரத் தெரிவதும் வேறு வேறு என்று பவணந்திக்குத் தெரிந்திருந்தது.

முழங்கால் தேறியபின் வேறொரு கூடத்துக்குப் போனேன். காலை வகுப்பு எடுத்தவர் ஒரு அக்கா. பர்ப்பிள் பெல்ட்தான், சுவரில் படம் கிடையாது. பகலில் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். முதல் நாள் என்னிடம் பெயருக்கு அடுத்து அவர் கேட்டது, “எங்க அடிபட்டிருக்கு?” ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் யாரோடு என்னைச் சேர்ப்பது என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்தார். ஒரு அசைவைச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். தப்பாகச் செய்தால் உடனே திருத்த மாட்டார். “இப்ப உங்க வெயிட் எங்க இருக்கு, சொல்லுங்க?” என்பார். மூன்று மாதத்தில், முந்தைய இடத்தில் கற்றதைவிட அதிகம் கற்றேன். பிளாக் பெல்ட்டோடு மோதினால் அந்த அக்கா தோற்பார். எனக்கு அதனால் என்ன நஷ்டம்?

“ஒரு டீச்சரைப் பார்த்துட்டுப் பொதுவாப் பேசாதீங்க” என்பீர்கள். சரி, உலகமறிந்த உதாரணம் ஜான் டனஹர். நியூஸிலாந்தில் வளர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவ ஆராய்ச்சிக்காக நியூயார்க் வந்தவர். ரென்ஸோ கிரேசியின் கூடத்தில் கற்று அங்கேயே கற்பித்தார். முழங்கால் கோளாறு. போட்டிக்களத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஆனால் ஜார்ஜ் செயின்ட் பியர், கேரி டோனன், கார்டன் ரயன் என்று அவரிடம் கற்றவர்களின் வரிசையைப் பாருங்கள். என் காலை உடைத்த அதே ஹீல் ஹூக்கை ஒரு ஒழுங்கான பாடமாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. முதலில் எதிராளியின் காலைக் கட்டுக்குள் வைத்திருக்கக் கற்க வேண்டும், முறுக்குவது கடைசி. ஒரே பிடிதான், வரிசை மட்டும்தான் வேறு. அந்த வரிசையில் என் முழங்கால் தப்பியிருக்கும். மார்செலோ கார்சியா போல உலகச் சாம்பியனாகவும் நல்ல ஆசிரியராகவும் இருப்பவர்களும் உண்டு. மெடல் ஒரு தடை என்று நான் சொல்லவில்லை. அது ஆதாரம் ஆகாது என்கிறேன்.

அடுத்த எதிர்ப்பு: “சான்றிதழ் கேட்டால், வார இறுதியில் காசு கட்டினால் காகிதம் கொடுக்கும் கடைகள் முளைக்கும்.” முளைக்கும்தான். ஆனால் சாத்தியமே இல்லாததை நான் கேட்கவில்லை. பிரான்ஸ் 1955-இலேயே ஜூடோ, ஜுஜுட்சு கற்பிக்கும் தொழிலுக்குச் சட்டம் போட்டது. பெல்ட் போதாது, கற்பிக்கத் தகுதி வேண்டும் என்றது. அங்கே ஜூடோ அழிந்துவிடவில்லை. உலகின் பெரிய ஜூடோ நாடுகளில் ஒன்றாகத்தான் ஆனது. நம் நாட்டில் பாட்டியாலாவில் பயிற்சியாளர்களை உருவாக்கவே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. மல்யுத்தம் தெரிந்தவரும் ஜூடோ தெரிந்தவரும் அங்கே போய்ப் பயிற்றுவிப்பதைத் தனியாகப் படிக்கிறார்கள். ஜியு ஜிட்சு மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்ததா?

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். காசு கட்டுவது நாம்தான். இந்த வயதில் இந்தக் கலைக்குள் நுழையும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுவரைப் பார்த்துப் புல்லரித்து முடித்ததும் நாலு கேள்வி கேளுங்கள். புதியவர்களுக்கு முதல் மூன்று மாதப் பாடத்திட்டம் என்ன? முதல் மாதம் யாரோடு ரோல் பண்ண விடுவீர்கள்? போன வருடம் சேர்ந்த வெள்ளை பெல்ட்டுகளில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? நீங்கள் கற்றுக்கொடுக்க யாரிடம் கற்றீர்கள்? கேள்விக்குப் பதில் தெரியாமல் யோசிப்பவரிடம் தைரியமாகச் சேரலாம். கேட்டதற்கே கோபப்படுபவரிடம் காலைக் கொடுக்காதீர்கள்.

போன மாதம் அந்தப் பழைய கூடத்தின் வழியாகப் போனேன். மேலே ஏறிப் பார்த்தேன். ஆறு படங்களும் அப்படியே இருந்தன. கடைசிப் படத்துக்குக் கீழே நிறைய வெற்றுச் சுவர் இருந்தது. கோச் புதிதாக வந்த ஒரு பையனை அதற்கு முன்னால் நிறுத்தி, நடுவில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தார். பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் முழங்காலைப் பார்த்தேன்.