பயணத்துக்கு முந்தைய பத்து நிமிடம்

முக்திநாத்துக்கோ கயிலாய மானசரோவருக்கோ கிளம்பும் ஒருவர் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து முடித்து, உடல்தகுதிச் சான்றையும் வாங்கிக்கொண்டு எழும்போது, ‘அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா டாக்டர்?’ என்று கேட்கிறார். நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஏறத்தாழ மனப்பாடம்: கொதிக்கவைத்த தண்ணீர் மட்டும் குடியுங்கள், பச்சைக் காய்கறி வேண்டாம், நறுக்கிய பழம் வேண்டாம், தெருக்கடைப் பக்கமே போகாதீர்கள். பிறகு, எதற்கும் கையில் இருக்கட்டும் என்று ஒஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் ஒரு அட்டை எழுதித் தருகிறோம். முதலாவதை அளவுக்கு மீறி நம்புகிறோம், இரண்டாவதை யோசிக்காமல் கொடுக்கிறோம், இரண்டுக்கும் நடுவில் சொல்லியே ஆகவேண்டியதை விட்டுவிடுகிறோம். வயிற்றுப்போக்கு வராமல் தடுக்கும் பேச்சுக்குச் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதியை, வந்தால் முதல் ஆறு மணி நேரத்தில் என்ன செய்வது என்ற பேச்சுக்கு மாற்ற வேண்டும். இதுவே என் வாதம்.

‘கொதிக்கவை, சமை, தோலுரி, இல்லையேல் விட்டுவிடு’ என்ற விதி பயண மருத்துவத்தில் மிகப் பழையது. அது உண்மையிலேயே காக்கிறதா என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1985இல் தம் நாட்டுப் பயணிகளிடம் சோதித்தார்கள். உணவில் செய்த தவறுகள் கூடக்கூட வயிற்றுப்போக்கும் கூடியது. ஆனால் விதியை முழுக்கக் கடைப்பிடித்தவர்கள் மிகச் சிலரே. காத்மாண்டுவில் பல ஆண்டுகள் பயணிகளுக்கு வைத்தியம் பார்த்த டேவிட் ஷ்லிம், அதுவரை வந்த ஆய்வுகளை 2005இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, விதியைப் பின்பற்றியதற்கும் நோய் வராமைக்கும் தொடர்பு காட்டாத ஆய்வுகளே மிகுதி என்று கண்டார். ஆபத்து தட்டில் இருக்கும் பதார்த்தத்தைவிட அடுப்படியில்தான் அதிகம் என்பது அவர் கருத்து. கோழியை வெட்டிய பலகையைத் துடைத்துவிட்டு அதிலேயே கொத்தமல்லி நறுக்குகிறார்கள். அந்தக் கொத்தமல்லி ஆவி பறக்கும் பருப்பின் மேல் கடைசியாகத் தூவப்படுகிறது. சமையற்காரருக்குக் கைகழுவத் தொட்டி இல்லை, கழிவறைக்கும் அடுப்புக்கும் இடையே ஈ தடையில்லாமல் பறக்கிறது, மின்சாரம் போய்ப்போய் வருவதால் குளிர்பெட்டி பெயருக்குத்தான் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. சூடாக இருந்தது, சமைத்ததுதான், ஆகவே சாப்பிட்டார். அவருக்கு வயிறு கெட்டால், ‘கண்டதையும் தின்றீர்களா?’ என்று நாம் கேட்பது நியாயமில்லை.

எங்கள் குழு சமையற்காரரைக் கையோடு அழைத்துப் போகிறது, வெளிச்சாப்பாடே கிடையாது என்று சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் யாத்திரைக் குழுக்களில் இது பரவலான வழக்கம், அதனால் நன்மையும் உண்டு. ஆனால் சோற்றுக்கென்றே ஒரு கிருமி இருக்கிறது. பேசிலஸ் சீரியஸின் வித்துகள் அரிசி வேகும்போது சாவதில்லை. விடியற்காலை வடித்துப் பெரிய அண்டாவில் கிளறி மூடிய சாதம், பேருந்தில் ஏறி மதியம் இரண்டு மணிக்குப் பரிமாறப்படும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கிறது; வித்துகள் முளைத்துப் பெருக அந்த வெதுவெதுப்பு போதும். வாந்தியைத் தூண்டும் அதன் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சும் அப்படியே. புளியோதரைக்கு அதன் புளிப்பு ஓரளவு காவல். சாம்பார் சாதத்துக்கு அந்தக் காவலும் இல்லை. சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் பேருந்தில் பாதிப்பேர் வாந்தி எடுத்தால் அது இந்த நச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்துப் பயனில்லை, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே அடங்கிவிடும். வடித்த உடன் பரிமாறுங்கள், மிஞ்சியதை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள் என்று குழுத் தலைவரிடம் சொல்வது, ஐம்பது பயணிகளிடம் ஐஸைப் பற்றிச் சொல்வதைவிடப் பயன் தரும்.

விதி பலவீனமானது என்று வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் எச்சரிக்கையையே கைவிட்டுவிட மாட்டார்களா? இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். தொடர்பு காட்டப்படவில்லை என்பதற்குத் தொடர்பே இல்லை என்று பொருளாகாது. சுவிஸ் ஆய்வே அதற்குச் சாட்சி. ஆகவே விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, சுருக்கச் சொல்கிறேன். இருபது தடைகளைச் சொன்னால் ஒன்றும் மனத்தில் தங்காது. மூன்றைச் சொன்னால் தங்கலாம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது, கண்ணெதிரே கொதிப்பதைச் சாப்பிடுவது, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவுவது. மலையுச்சியில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அப்போது கிருமி சாகுமா என்ற சந்தேகம் படித்தவர்களுக்கும் வருகிறது. மானசரோவர் ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 85 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கும். பேதிக் கிருமிகளைக் கொல்ல அது போதும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும், அவ்வளவே. இந்தியர் வயிறு எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையில் சிறிது உண்மை இருக்கிறது. சிறுவயதிலிருந்தே நச்சு சுரக்கும் ஈ-கோலியோடு பழகிய குடலுக்கு அதனிடம் ஓரளவு எதிர்ப்பு உண்டு. ஆனால் அது நோரோ வைரஸைத் தடுக்காது, மேலே சொன்ன சோற்று நச்சைத் தடுக்காது, சுத்திகரித்த தண்ணீரிலேயே வளர்ந்த பேரப்பிள்ளைக்கு அந்த எதிர்ப்பே இருக்காது.

இனி, சொல்லாமல் விடுவதற்கு வருகிறேன். 1971இல் வங்கதேச அகதிகள் முகாம் இருந்த பன்காவ்னில் காலரா பரவியபோது, சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் வைத்தார். நோயாளிக்கு அதைப் புகட்டியவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 3.6 விழுக்காடாக இறங்கியது. வைத்தியம் மருத்துவர் கையிலிருந்து குடும்பத்தார் கைக்குப் போனதால் நடந்தது அது. அரை நூற்றாண்டு கடந்தும், இமயமலைக்குப் போகிறவரின் பையில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலமாவது இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. இருந்தாலும் கலக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதில்லை. கடையில் ஒரு லிட்டருக்கான பொட்டலமும் இருக்கிறது, 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் இருக்கிறது. பெரியதை ஒரு டம்ளரில் கொட்டிக் குடித்தால் உப்பு ஐந்து மடங்காகி, இருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். உலக சுகாதார அமைப்பு 2002இல் ஏற்ற வாய்பாட்டில் லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 13.5 கிராம் குளுக்கோஸ். மொத்த ஆஸ்மோலாரிட்டி 245. அந்த விகிதம் கெட்டால் மருந்தே கெட்டது. அட்டைப்பெட்டியில் வரும் ஆரஞ்சுச் சுவைப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று எண்ணி வாங்குகிறவர்களும் பலர். அத்தகைய பானங்களின் மேல் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025இல்தான் கண்டிப்பாக உத்தரவிட்டது. ஒரு லிட்டர் பாட்டிலையும் பொட்டலத்தையும் மேசைமேல் வைத்து, நோயாளியையே கலக்கச் சொல்லிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வாந்தி இருந்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு கரண்டியாகக் குடிக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

யாத்திரை போகிறவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் நிறைய. அவர்களுக்கு ஆபத்து கிருமியைவிட மாத்திரைப் பெட்டியிலிருந்து அதிகமாக வரலாம். நீரிழப்பில் இருக்கும்போதும் ‘மாத்திரையை விடக்கூடாது’ என்ற நம்முடைய பழைய கட்டளையை அவர்கள் பக்தியோடு நிறைவேற்றுகிறார்கள். சிறுநீர் பெருக்கியும் ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்றவையும் அப்போது சிறுநீரகத்தைத் தாக்கும். மெட்ஃபார்மின் லாக்டிக் அமிலத் தேக்கத்துக்கு வழிவிடும். டாபாக்ளிஃப்ளோசின் வகை, சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலே கீட்டோன் தேக்கத்தில் கொண்டுபோய் விடும். சாப்பாடு இறங்காதபோது கிளிமிபிரைடு சர்க்கரையை மயக்கம் வரும்வரை தாழ்த்தும். வாந்தியோ பேதியோ கடுமையானால் இவற்றில் எவற்றை நிறுத்துவது, இயல்பாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஓரிரு நாளில் எப்போது மீண்டும் தொடங்குவது, இன்சுலினை மட்டும் ஏன் தானாக நிறுத்தக்கூடாது என்பதை அவரவர் மருந்துச் சீட்டைப் பார்த்துத் தமிழில் எழுதித் தர வேண்டும். இதைப் பயண நிறுவனம் செய்யாது, மருந்துக்கடை செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும்.

ஆன்ட்டிபயாட்டிக் அட்டையைப் பற்றி. ஃபின்லாந்துப் பயணிகள் 430 பேரிடம் கான்டேலே குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவுக்குப் போய் வயிற்றுப்போக்கும் வராமல் ஆன்ட்டிபயாட்டிக்கும் எடுக்காமல் திரும்பியவர்களில் 23 விழுக்காட்டினர் குடலில் ஈ.எஸ்.பி.எல். வகை எதிர்ப்புக் கிருமி குடியேறியிருந்தது. வயிற்றுப்போக்கு வந்தவர்களில் அது 47 விழுக்காடு. வந்து ஆன்ட்டிபயாட்டிக்கும் எடுத்தவர்களில் 80. நம் குடலில் அந்தக் கிருமி ஏற்கெனவே பரவலாக இருப்பதால் இந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல கிருமிகளை அழித்து எதிர்ப்புக் கிருமிக்கு இடம் ஒழித்துக் கொடுப்பது எந்த நாட்டுக் குடலிலும் ஒரேமாதிரிதான் நடக்கிறது. பன்னாட்டுப் பயண மருத்துவச் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அன்றாட வேலைக்கு இடைஞ்சலாக இல்லாத லேசான பேதிக்கு ஆன்ட்டிபயாட்டிக் வேண்டாம் என்கிறது. படுக்கையில் கிடத்திவிடும் பேதிக்கும் ரத்தம் போகும் பேதிக்கும் அஸித்ரோமைசினை முதலில் வைக்கிறது. ஃப்ளூரோகுவினோலோன் எதிர்ப்பு ஆசியாவில் பெருகிவிட்ட நிலையில், நாம் வழக்கமாக எழுதும் கலவை மாத்திரைக்கு இன்னும் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகச் சும்மா அனுப்பச் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு இரண்டு மூன்று நாள் தொலைவில் நடக்கப்போகிறவருக்கு அஸித்ரோமைசின் 500 மில்லிகிராம் மூன்று மாத்திரை கொடுக்கலாம், இதய மின்துடிப்புச் சிக்கல் இல்லை என்று பார்த்துக்கொண்டு. ‘காய்ச்சலோடு பேதி, அல்லது ரத்தம், அல்லது எழுந்து நிற்க முடியாத நிலை’ என்ற மூன்று நிபந்தனையும் அதன் உறைமேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். லோபரமைடு பேருந்துப் பயணத்தைக் கடக்க உதவும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் தொடக்கூடாது, குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

உயரத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீட்டர். அங்கே தலைவலி, குமட்டல், வாந்தி, பசியின்மை எல்லாம் மலைநோயின் அறிகுறிகள். ‘நேற்று ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லிக்கொண்டு மேலே ஏறுவது உயிருக்கே ஆபத்து. தண்ணீராகப் பேதி போகாமல் தலைவலியோடு வெறும் வாந்தி என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை மலைநோய் என்றே கொள்ள வேண்டும். தொடர்ந்து ஏறக்கூடாது, மோசமானால் இறங்க வேண்டும். திரும்பி வந்து இரண்டு மூன்று வாரமாகியும் சோர்வு, பசியின்மை, விட்டுவிட்டுப் பேதி என்று வருகிறவரிடம் எந்த மாதத்தில் நேபாளத்தில் இருந்தீர்கள் என்று கேளுங்கள். மழைக்காலத்தையொட்டி அங்கே சைக்ளோஸ்போரா பரவும். குளோரின் மாத்திரைக்கு அது மசியாது, வழக்கமான மலப் பரிசோதனையில் எளிதில் தப்பிவிடும். ஆசிட்-ஃபாஸ்ட் சாயம் வேண்டும் என்று பரிசோதனைச் சீட்டில் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். கண்டுபிடித்தால் கோட்ரைமாக்சசோல் ஒரு வாரம் கொடுத்தால் போதும்.