வெட்டுப்புள்ளியும் வழக்குமன்றமும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலே யாழ்ப்பாணத்துத் தெருக்களில் இருவகைக் காட்சியைக் காணலாம். ரியூட்டரி மதில்களிலே வெற்றி பெற்றோரின் படங்கள் ஏறும். வேறு பல வீடுகளின் படலைகள் சாத்தப்படும். சாத்திய படலை ஒன்றினுள்ளிருந்து என் உறவினர் ஒருவர் வந்து, "அண்ணை, இவள் சட்டம் சட்டமெண்டு நிண்டவள். புள்ளி காணாதாம். இனி என்ன செய்யிறது?" என்று கேட்டார். அவருக்கு அன்று சொன்னதும், சொல்ல மறந்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

முதலில் அந்தப் புள்ளி யாதென நோக்குவோம். 2001 முதல் நடைமுறையிலிருக்கும் இசட் புள்ளி, ஒரு பிள்ளை பெற்ற புள்ளியினின்று அப்பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவது. அவ்வாண்டில் அப்பாடத்தை எழுதியோர் வரிசையில் பிள்ளை எவ்விடத்தில் நின்றது என்பதை அது கூறும், அவ்வளவே. வழக்கொன்றின் இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்க்கும் ஆற்றலைப் பற்றி அது ஒன்றும் கூறாது. இதன்மேல் மாவட்டக் கணக்கு வேறு. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்டங்களின் குடித்தொகைக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அவ்விறுதிப் பட்டியலில் உண்டு. ஆகவே ஆனையிறவுக்கு இப்பாலும் அப்பாலும் வாழும் ஒன்றுவிட்ட சகோதரிகள் இருவர் ஒரே புள்ளி பெற்று, ஒருத்தி பல்கலைக்கழகம் செல்ல, மற்றவள் வீட்டிலிருக்க நேரலாம்.

இம்முறை முற்றிலும் அநீதி என்று நான் கூறமாட்டேன். வன்னிப் பிள்ளைகள் எந்த நிலையிலிருந்து எழுந்து பரீட்சைக்கு வந்தார்கள் என்பதை நாம் கண்டவர்கள். ஆயினும் 1970களின் தரப்படுத்தல் எம்மவர் மனத்தில் இட்ட வடு ஆறவில்லை. அதனால் இன்றும் ஒரு பிள்ளையின் சறுக்கலை, ஒன்றில் குலத்துக்கு வந்த அவமானமாகவோ, அன்றி இனத்துக்கு இழைக்கப்பட்ட வஞ்சனையாகவோ கொள்கிறோம். பிள்ளைக்கு இரண்டும் பாரமே.

சட்டத்துறையோ பழங்காலந்தொட்டே சுற்றுவழியால் வந்தோரை ஏற்ற துறை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். தோல்வி கண்டவர் என்று அவரைக் காட்ட முடியாது. நான் காட்ட விரும்புவது வேறு. ஆசிரியராகவும் பத்திரிகாசிரியராகவும் அரசாங்கக் கணக்கு அலுவலராகவும் இருந்து, 1871இல், ஏறத்தாழ நாற்பது வயதிலேதான் அவர் சட்டப் பட்டம் பெற்றார். பின்னர் கும்பகோணத்தில் வழக்குரைத்து, புதுக்கோட்டையில் நீதிபதியுமானார். செல்வநாயகம் அவர்களும் விஞ்ஞானப் பட்டதாரி. பள்ளிக்கூடத்தில் கற்பித்தபின் நியாயவாதியானவர். அப்புக்காத்து, பிரக்கிராசி என்று நம் பாட்டன்மார் இருபிரிவாக மதித்த அத்தொழில், 1974இல் சட்டத்தரணி என்ற ஒரே பெயருக்குள் அடங்கிற்று.

இன்றும் வாசல் ஒன்றன்று. 1874இல் தொடங்கிய கொழும்புச் சட்டக் கல்லூரிக்கு உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தியும், சாதாரண தரத்தில் மொழிப் பாடங்களிற் போதிய தேர்ச்சியும் இருந்தால் நுழைவுப் பரீட்சை எழுதலாம். அங்கு இசட் புள்ளியை எவரும் கேளார். திறந்த பல்கலைக்கழகமும் தெரிவுப் பரீட்சை வைத்துச் சட்டமாணிப் பட்டத்துக்கு மாணவரைச் சேர்க்கிறது. அதன் நிலையம் கொக்குவிலிலேயே உண்டு. இவை எளிய வழிகளல்ல. போட்டி கடுமை, கொழும்பில் அறை எடுத்துத் தங்குவது எளிய குடும்பத்துக்கு ஆகாத காரியம்.

மொழியின் தொல்லையும் உண்டு. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துதற்கு 2020 இறுதியில் ஒரு விதி வர்த்தமானியில் வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதனை நிராகரித்தது. மகிழ்ந்தோம். மகிழ்ச்சியோடு அமைதல் போதுமா? வடக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழே. ஆனால் மேன்முறையீட்டுத் தீர்ப்புகளும் பழைய சட்ட அறிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. தமிழில் பரீட்சை எழுதும் உரிமையை வைத்துக்கொண்டு, அவற்றைப் படிக்க இயலாத சட்டத்தரணி கட்சிக்காரனைப் பாதிவழியில் விட்டுவிடுவான். ஆகவே அந்தப் பெண்ணிடம், புள்ளியை எண்ணி அழும் நேரத்தில் நாளுக்கு ஒரு மணி ஆங்கிலத்துக்கு ஒதுக்கு என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. உண்மைதான், ஆறுதல் தேடி வந்தவளிடம் வேலையைக் கொடுத்தேன்.

ஆனால் அவள் கொண்டுவந்த கேள்வி ஒன்று என்னை நிமிர்ந்திருக்கச் செய்தது. வலிகாமம் வடக்கில் அவளுடைய பேர்த்தியாரின் வளவு 1990 இடப்பெயர்வோடு கைவிட்டுப் போனது. வேறொருவர் அதில் நெடுங்காலம் குடியிருந்தால் ஆட்சியுரித்துப் பெற்றுவிடுவாரா என்று கேட்டாள். போரால் காணியை விட்டு ஓடியவரைக் காக்கவே 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை எதிரியின் ஆட்சிக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது அதன் சாரம். அத்துடன், ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் ஏட்டிலேற்றிய தேசவழமை இன்றும் இங்கு உயிரோடிருக்கிறது. கணவன் சம்மதமின்றி மனைவி தன் நிலத்தை விற்க முடியாத நிலையும் கூட இருக்கிறது. உறுதிப் பெட்டியும் கையுமாக யாழ்ப்பாண நீதிமன்ற வாசலில் நிற்கும் முதிய பெண்களுக்கு இவற்றைத் தமிழில் விளக்குவார் வேண்டும்.

சென்ற கிழமை தந்தையும் மகளும் கொக்குவில் சென்று விபரங்கள் பெற்று வந்தனர். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கும் விண்ணப்பிக்கப் போகிறாளாம். கிடைக்குமா என்று தகப்பனார் மறுபடியும் கேட்டார். தெரியாது என்றேன்.