பொடக்காலிப் பாடம்

ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். பொடக்காலியில், பாத்திரம் கழுவும் தண்ணீர் பாயும் இடத்தில், அமுச்சி ஆடியில் ஊன்றிய கொடியவரை பந்தல் முழுதும் படர்ந்திருந்தது. ஒரு பூவைக்கூடக் காணோம்.

"செடி கொடியைப் பத்தித்தானே கண்ணு படிக்கறே? இது எப்பக் காய்க்குஞ் சொல்லு?" என்றார்.

தாவரவியல் மாணவனாகிய நான் விழித்தேன்.

"பகல் குறுகோணும், பனி எறங்கோணும். அப்பப் பாரு" என்றார். பொங்கலுக்குப் போனேன், பந்தல் கொள்ளாத காய்! 'குறும்பகல் தாவரம்' என்று தேர்வுக்கு நான் மனப்பாடம் செய்தது இதைத்தான். அந்தப் பருவக் கட்டுக்கு அடங்காத குத்தவரை வகைகளை நம் கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகம் உருவாக்கியதன் அருமையும் அன்றுதான் விளங்கிற்று.

நண்பர்களே, நம் விடுதியில் கை கழுவும் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. காயோ சந்தையிலிருந்து வருகிறது. 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் அரசு மாடித் தோட்டத் திட்டம் கொண்டுவந்தது. மொட்டை மாடியில் முடிவது, மண்ணுள்ள கல்லூரியில் முடியாதா?

"விடுமுறையில் யார் தண்ணீர் விடுவது?" என்பர் சிலர். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் ஐப்பசி மழை கைகொடுக்கும். தை, மாசியில் காய் பறிக்கலாம். கோடையில் நம்மோடு மண்ணும் ஓய்வெடுக்கட்டும். பட்டமும் கல்விஆண்டும் இப்படிப் பொருந்தி நிற்க, தடையாக இருப்பது ஒன்றே: படித்தவன் மண்ணைத் தொடுவதா என்ற கூச்சம்.

அதை வரும் ஆடியில் களைவோம். விடுதிக்குப் பின்னால் நான்கு பாத்தி போதும். முதல் மண்வெட்டியை நான் எடுக்கிறேன்; விதை அமுச்சி தருவார்.